ஐம்பத்தொரு கிலோ

கேரவன் கூரையில் ஏற
எங்கள் வீட்டில் எனக்குத்தான் தகுதி.
திருமூர்த்தி தொண்ணூற்று நான்கு.
கரூரில் பாடி கட்டியவர் சாவி கொடுக்கும்போதே சொன்னார்:
"குறுக்குச் சட்டத்து மேல மட்டும் மிதிங்க,
நடுவால மிதிச்சா பிளைவுட்டு படுத்துரும்."

சட்டம் ஓடுகிற வழியைச் சாக்பீஸால் கோடிழுத்து
முழங்கால் வைக்கிறேன்.
வைகாசி முடிய நாலு நாள்.
பாலக்காட்டுக் கணவாயில் காற்று
இன்னும் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறது.
பொள்ளாச்சிக்கு அது வருவதற்குள் முடிக்கோணும்.

கீழே நிற்பவர்களுக்கு இது வெள்ளை வண்டி.
கண்ணாடியைச் சுற்றிப் பல்பு,
நடிகைகள் இறங்க மடக்குப் படி.
மேலே வந்தால்
தென்னம்பாளை, குரும்பை, காக்கை எச்சம்,
ஆழியாற்றுப் பையன்கள் தேடி அலுத்த ரப்பர் பந்து,
மட்டை விழுந்து குழிந்த இடத்தில்
போன வாரத்துத் தண்ணீர், அதில் கொசுப்புழு.

உடுமலையில் ஒருவன்
சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் சிலிக்கானைப் பிதுக்கிவிட்டுக்
காசு வாங்கிப் போயிருந்தான்.
சிலிக்கான் மேல் எதுவும் ஒட்டாது.
சிலிக்கானே ஒட்டாது.
சுரண்டவே இரண்டு பகல் போனது,
என் சமையலறையின் மரக்கரண்டியும் போனது.
ஏசிப் பெட்டியைச் சுற்றி, காற்றுத் துளையைச் சுற்றி,
வெயிலில் இளகி நூல் நூலாக வந்தது.
பிறகு தின்னர், பழைய பனியன் துணி,
மறுபடி தின்னர்.

விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போகிறேன்.
டக். டக். நல்ல பலகை.
டக்.
தொப்.

அவர் காட்டிய இடமல்ல அது.
சொட்டியது மேக்கப் நாற்காலிக்கு மேல்,
தொப் என்றது நாலு முழம் பின்னால்.
தண்ணீர் நுழைந்த இடத்தில் இறங்குவதில்லை,
சட்டத்தைப் பிடித்து நடந்து
தோதான இடத்தில் இறங்கும்.
கடன்காரன் தேவலை,
நேராக வாசலுக்கு வந்துவிடுவான்.

காற்றுத் துளைக்குள் குனிந்து கேட்டேன்:
"ஏனுங்க, அலமாரிக்கு மேல கறை இருக்குதுங்களா?"
பேச்சில்லை.
"கேக்குதுங்களா?"
"பெயின்ட் அடிச்சிருக்குது."
"ஆரு?"
"நாந்தான். மூணு தரம்."
"எப்ப?"
"தவணை ரெண்டு நின்னுது பாரு, அப்பத்திலிருந்து."

மூன்று பூச்சு.
ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு மழை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
தகட்டை முறுக்குத் தட்டளவு வெட்டி எடுத்தேன்.
பலகை ஊறிய அவலாக விரலோடு வந்தது.
காய்ந்த மரம் தென்படும் வரை தோண்டி,
துண்டு வைத்து, ப்யூட்டில் டேப் ஒட்டி,
புதுத் தகட்டை இறுக்கி,
திருகாணித் தலை ஒவ்வொன்றுக்கும்
ஒரு பொட்டுச் சீலன்ட்.
தானாகவே பரவி மட்டமாகுமாம்,
அதுவரை தொடாதே என்கிறது குழாய்.
தொடாமலிருப்பதுதான் கடினம்.

ஓர் அணில் எங்கிருந்தோ குதித்து
நடுவால ஓடியது.
அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.
ஈரப் பசையில் நாலு காலும் பதிந்து, நூலிழுத்து,
தென்னைக்குப் போய் வாலாட்டிக் கத்தியது.
குழாயில் பசை தீர்ந்திருந்தது.

அப்போது மேனேஜர் போன்.
விடியக்காலம் நாலரைக்கு வண்டி சேத்துமடையில் நிற்கணும்.
ஒரு நாள் வாடகை ஏழாயிரம்.
காய ஒரு நாள் ஆகும்.
திருமூர்த்தி வெளியே வந்து
போனைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.
நான் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க, நாளைக்கு ஆவாதுங்க.
வண்டி ஒழுகுதுங்க."

அந்த வார்த்தையை
வெளியாள் ஒருவரிடம் அவர் சொல்லி
நான் கேட்டது இதுதான் முதல் தரம்.

பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.
"கடைசிப் படி ஆடும், பாத்து."
ஆடும்.
இரண்டு பகலாக நான்தானே ஏறி இறங்குகிறேன்.